ஆங்கில வகுப்பில் மதிப்பெண் இல்லாத தமிழ்

சென்னை சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் போகும் மின்ரயிலில் ஆவடிக்கு அடுத்த நிறுத்தத்தின் பெயர் ‘இந்து காலேஜ்’. பட்டாபிராமில் 1969-இல் தொடங்கிய தர்மமூர்த்தி ராவ் பகதூர் கலவல கண்ணன் செட்டி இந்துக் கல்லூரியின் பெயரைத்தான் ரயில்வே இப்படிச் சுருக்கிக்கொண்டது. ஊரும் அப்படியே சுருக்கிக்கொண்டது. அம்பத்தூர், திருமுல்லைவாயில், அண்ணனூர் பக்கமிருந்து ஒரு கூட்டமும், எதிர்த்திசையில் திருவள்ளூர், திருநின்றவூர், நெமிலிச்சேரி பக்கமிருந்து இன்னொரு கூட்டமும் காலையில் இங்கே வந்து இறங்கும்.

சென்னையின் மேற்குப் புறநகர் பொதுவாகத் தொழிற்சாலைகளுக்குப் பெயர் பெற்றது. ஆவடியில் டாங்கி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை, அம்பத்தூரில் சைக்கிள் கம்பெனி, டயர் கம்பெனி, பிறகு 1960-களில் வந்த தொழிற்பேட்டை. அந்தத் தொழிலாளர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பட்டப்படிப்புக்கு வந்தபோது, அவர்களுக்காகப் பூந்தமல்லி, திருவேற்காடு, ஆவடி, மதனங்குப்பம் என்று கலைக்கல்லூரிகள் வரிசையாக முளைத்தன. மதனங்குப்பத்தில் இருக்கும் மகளிர் கல்லூரிக்கு ஜப்பானியப் பௌத்தச் சிந்தனையாளர் தைசாகு இகெதாவின் பெயர். உலக இலக்கியம் இந்தப் பகுதிக்குள் பெயர்ப்பலகையாகவே நுழைந்துவிட்டது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். இந்தக் கல்லூரிகளில் பெரும்பாலானவற்றில் பி.ஏ. ஆங்கிலம் உண்டு. பி.காம்., கணினி அறிவியல் இடங்கள் முடிந்த பிறகு நிரம்பும் வகுப்பாக அது இருந்த காலம் போய், பலர் முதல் விருப்பமாகவே கேட்டு வாங்கும் வகுப்பாகிவிட்டது.

ஏன் கேட்கிறார்கள் என்பதில் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. “பொண்ணு நல்லா இங்கிலீஷ் பேசணும் சார், அதான்” என்பது சேர்க்கை அறையில் அப்பாக்கள் சொல்லும் வாக்கியம். அம்பத்தூர் எஸ்டேட்டில் பழைய பட்டறைகள் இருந்த இடங்களில் ஐ.டி. கட்டடங்கள் எழுந்துவிட்டன. பட்டாபிராமில் 2024 நவம்பரில் 21 மாடி டைடல் பார்க் திறக்கப்பட்டது. ஆங்கிலம் பேசினால் வேலை என்ற கணக்கை வீட்டு மாடியிலிருந்தே பார்க்க முடிகிறது. கேட்டது பேச்சுமொழி. கொடுக்கப்படுவது சாசரில் தொடங்கி, மில்டன், வேர்ட்ஸ்வொர்த், ஜார்ஜ் எலியட் வழியாக ஆப்பிரிக்க, கரீபியப் படைப்புகள் வரை போகும் ஓர் இலக்கிய வரலாறு. பல வகுப்பறைகளில் முதல் செமஸ்டரிலேயே கேட்டவருக்கும் கொடுப்பவருக்கும் இடையே ஒரு மௌன ஒப்பந்தம் ஏற்பட்டுவிடுகிறது: ஆசிரியர் கதையைத் தமிழில் சொல்லிவிடுவார், மாணவர் விடையை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்துகொள்வார்.

இந்த ஒப்பந்தத்தைத்தான் நான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க விரும்புகிறேன். இதை ஊழல் என்று திட்டுகிறவர்கள் உண்டு. என் பார்வையில் இதற்குள் ஒரு நல்ல கல்விமுறை அரைகுறையாக ஒளிந்துகிடக்கிறது.

முதலில் கொஞ்சம் வரலாறு. ஆங்கில இலக்கியம் என்பது ஆங்கிலேயர் தம் ஊரில் காலங்காலமாகப் படித்துவிட்டு இங்கே கொண்டுவந்த பாடம் என்று நினைப்பது தவறு. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் ஆங்கிலத்தைத் தனிப் பட்டப்படிப்பாக ஏற்றுக்கொண்டது 1894-இல். அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே இந்தியக் கல்லூரிகளில் ஷேக்ஸ்பியரும் மில்டனும் தேர்வுப் பாடம். கௌரி விஸ்வநாதன் 1989-இல் வெளிவந்த ‘மாஸ்க்ஸ் ஆஃப் காங்க்வெஸ்ட்’ என்ற நூலில் இதன் காரணத்தை விரிவாகக் காட்டினார். 1813-ஆம் ஆண்டுச் சாசனச் சட்டம் இந்தியர்களின் கல்விக்குப் பொறுப்பேற்கும்படி கிழக்கிந்தியக் கம்பெனியைப் பணித்தது. பைபிளை நேரடியாகக் கற்பித்தால் கலகம் வரும் என்ற பயம் இருந்தது. மதத்தின் பெயரைச் சொல்லாமல் ஒழுக்கத்தையும் ஆங்கிலேயர் மேல் மதிப்பையும் ஊட்ட இலக்கியம் கைகொடுத்தது. மெக்காலேயின் கல்விக் குறிப்பு 1835-இல், சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல். மேற்குப் புறநகரின் பல கல்லூரிகள் இன்றும் இணைப்புப் பெற்றிருப்பது அந்தப் பல்கலைக்கழகத்தோடுதான்.

ஆனால் ஊட்டியவர்கள் எதிர்பார்த்தது ஒன்று, நடந்தது வேறு. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்த பி.ஆர். ராஜமையர் 1893 முதல் ‘கமலாம்பாள் சரித்திர’த்தைத் தொடராக எழுதினார். அதே கல்லூரியின் அ. மாதவையா 1898-இல் ‘பத்மாவதி சரித்திர’த்தைக் கொண்டுவந்தார். ஆங்கில நாவலைப் படித்த கையோடு தமிழ் நாவலை எழுதிப்பார்த்த தலைமுறை அது. திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் 1931-இல் பி.ஏ. முடித்த புதுமைப்பித்தன் உலகச் சிறுகதைகளைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். அவர் கதைகளில் சில மாப்பசானைத் தழுவியவை என்ற சண்டை அவர் காலத்துக்குப் பிறகும் ஓயவில்லை. (அதுவும் ஓர் இந்துக் கல்லூரி. பட்டாபிராம் கல்லூரிக்கும் அதற்கும் பெயர்ப் பொருத்தம் தவிர வேறு தொடர்பு கிடையாது.) நகுலன் திருவனந்தபுரத்தில் ஆங்கிலம் கற்பித்தவர். பிரம்மராஜன் அரசுக் கல்லூரியில் ஆங்கில ஆசிரியராக இருந்துகொண்டு ‘மீட்சி’ இதழை நடத்தினார், உலகக் கவிதைகளை மொழிபெயர்த்தார். ஆங்கில வகுப்பின் ஆகச்சிறந்த விளைச்சல் தமிழில்தான் வீடு வந்து சேர்ந்திருக்கிறது. இந்தக் கணக்கைப் பல்கலைக்கழகப் பதிவேடு எதிலும் பார்க்க முடியாது.

இனி அம்பத்தூருக்கு வருவோம். சிட்கோ தொழிற்பேட்டையில், போல்ட்டும் நட்டும் கடையும் பட்டறைகளுக்கு நடுவே, நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் இருக்கிறது. 1951-இல் தொடங்கிய பதிப்பகம். மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் தமிழிலேயே அச்சிட்டு அனுப்பிய புத்தகங்களை இந்த நிறுவனம் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோனது. கெட்டி அட்டை, நல்ல தாள், நம்ப முடியாத குறைந்த விலை. தொ.மு.சி. ரகுநாதன் மொழிபெயர்த்த கார்க்கியின் ‘தாய்’ தொழிற்சங்க அலுவலகங்களில் கைமாறிக் கைமாறிக் கிழிந்தது. பூர்ணம் சோமசுந்தரம், நா. தர்மராஜன் போன்ற மொழிபெயர்ப்பாளர்களின் பெயர்களைத் தமிழ் வாசகர்களில் ஒரு தலைமுறை ஆசிரியர் பெயருக்கு இணையாக நினைவில் வைத்திருந்தது. 1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததும் மாஸ்கோவிலிருந்து வரத்து நின்றது. அந்தப் புத்தகங்களில் பலவற்றை நிறுவனம் பிறகு தானே மறுபதிப்புச் செய்தது.

இதற்கு ஒரு கொள்கை நோக்கம் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. மெக்காலேக்கும் இருந்தது, மாஸ்கோவுக்கும் இருந்தது. ஆனால் எட்டாம் வகுப்போடு நின்ற ஒரு லேத் தொழிலாளி டால்ஸ்டாயையும் துர்கனேவையும் முழுதாகப் படித்த ஓர் உலக இலக்கியப் பள்ளி அம்பத்தூருக்கு அந்நியமில்லை. அந்தத் தொழிலாளியின் பேத்தி இன்று பி.ஏ. ஆங்கிலம் படிக்கிறாள், அதில் உலக இலக்கியம் என்று ஒரு தாள் வருகிறது, அந்தத் தாளுக்காக அவள் முழுதாகப் படித்த நாவல் ஒன்றுகூட இல்லை என்றால், எங்கோ கணக்கு இடிக்கிறது.

தமிழில் இருப்பதைக் கொஞ்சம் எண்ணிப்பாருங்கள். டி.எஸ். சொக்கலிங்கத்தின் ‘போரும் வாழ்வும்’. க.நா.சு. கொண்டுவந்த நட் ஹாம்சனும் பேர் லாகர்க்விஸ்டும். வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து நேரடியாகத் தந்த காம்யுவின் ‘அந்நியன்’. ஏ.வி. தனுஷ்கோடி ஜெர்மனிலிருந்து நேரடியாகத் தந்த காஃப்காவின் ‘விசாரணை’. இந்தக் கடைசி இரண்டும் ஆங்கிலத்தைத் தொடாமலே தமிழுக்கு வந்தவை. காம்யுவை ஆங்கிலத்தில் படிக்கும் மாணவர் மொழிபெயர்ப்பைத்தான் படிக்கிறார். தமிழில் படிப்பவரும் மொழிபெயர்ப்பைத்தான் படிக்கிறார். இரண்டும் மூலத்திலிருந்து ஒரே தூரம். அப்படியிருக்க, ஆங்கில மொழிபெயர்ப்புக்கு மட்டும் பாடநூல் தகுதி எப்படி வந்தது என்று கேட்டால் துறைத்தலைவர்கள் புன்னகைத்துவிட்டுப் பேச்சை மாற்றுவார்கள். தஸ்தாயெவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’, ‘அசடன்’ இரண்டையும் மொழிபெயர்த்த எம்.ஏ. சுசீலா மதுரையில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். ஆங்கிலத்துறைகள் செய்திருக்க வேண்டிய வேலையைத் தமிழ்த்துறை செய்தது என்று இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

வகுப்பறைக்குள் இது எப்படி நடக்கிறது என்று ஓர் உதாரணத்தோடு பார்க்கலாம். சினுவா அச்செபே 1958-இல் எழுதிய ‘திங்ஸ் ஃபால் அபார்ட்’ பாடத்திட்டங்களில் அடிக்கடி இடம்பெறும் நாவல். கனடாவில் வாழும் ஈழத்தவரான என்.கே. மகாலிங்கம் இதைச் ‘சிதைவுகள்’ என்ற பெயரில் தமிழாக்கியிருக்கிறார். முதல் அத்தியாயத்தில் ஒரு காட்சி வரும். நாயகன் ஒகோன்க்வோவின் அப்பா உனோகா ஊர் முழுக்கக் கடன் வாங்கியவர், குழல் வாசிப்பதில் கெட்டிக்காரர். பக்கத்து வீட்டு ஒகோயே வருகிறார். உனோகா கோலா கொட்டையைத் தட்டில் வைத்து நீட்டுகிறார். யார் அதை உடைப்பது என்று இருவரும் மரியாதைக்குச் சற்று நேரம் தள்ளிக்கொள்கிறார்கள். பிறகு மழை, ஊர்த் திருவிழா, சண்டை என்று பேச்சு எங்கெங்கோ போகிறது. கடைசியில் ஒகோயே அரை டஜன் பழமொழிகளைச் சுற்றிவளைத்துச் சொல்லிக் கொடுத்த கடனுக்கு வருகிறார். உனோகா விழுந்து விழுந்து சிரித்து, சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் போட்டு வைத்திருக்கும் கோடுகளைக் காட்டுகிறார். ஒவ்வொரு கோடும் 100 சோழி. பெரிய கடனை முதலில் அடைத்துவிட்டுத்தான் உன் சின்னக் கடனுக்கு வருவேன் என்கிறார்.

இந்தக் காட்சியைத் தமிழில் சொன்னால் வகுப்பு சிரிக்கும். வெற்றிலைத் தட்டை நீட்டி, மாடு கன்று நலம் விசாரித்து, மூன்றாவது முறை எழுந்திருக்கும்போது மட்டும் பணத்தைப் பற்றிப் பேசும் மாமாவை எல்லாருக்கும் தெரியும். கேட்க வந்தவரின் கூச்சமும் கொடுக்க முடியாதவரின் கெத்தும் அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியவை இல்லை. ஒரு படி மேலே போய், பழமொழியால் பேசுவது ஒரு சமூகத்தில் என்ன வேலை செய்கிறது, பிற்பாடு வெள்ளைக்காரர் நீதிமன்றம் வந்ததும் அந்தப் பேச்சு ஏன் செல்லாக்காசாகிறது என்றெல்லாம் அந்த மாணவர்களால் வாதிட முடியும். தேர்வில் என்ன நடக்கிறது? இக்போ மக்களின் வழக்கங்களைப் பற்றி எழுதுக என்று வினா வருகிறது. வகுப்பில் சிரித்தவர் கைடில் இருந்த ஆறு பாயிண்ட்டை எழுதிவிட்டு வருகிறார். 75 மதிப்பெண் எழுத்துத்தேர்வுக்கு, 25 இன்டர்னலுக்கு. சிரித்ததற்கு எதிலும் மதிப்பெண் இல்லை.

ஆக, தமிழ் ஏற்கெனவே அந்த வகுப்பில் இருக்கிறது, கள்ளச்சந்தைச் சரக்காக. ஆசிரியர் வாய்மொழியாக, யூடியூபில் பத்து நிமிடத் தமிழ்க் கதைச்சுருக்கமாக, வாட்ஸ்அப் குழுவில் குரல்பதிவாக. புரிந்துகொள்ளும் வேலையை முழுக்க அதுதான் செய்கிறது. ஆனால் பாடத்திட்டத்தில் அதற்கு இடமில்லை என்பதால், மகாலிங்கத்தின் முழு நூலுக்குப் பதில் யாரோ ஒருவரின் பத்து நிமிடச் சுருக்கம் கிடைக்கிறது. முதல் இரண்டு ஆண்டும் பகுதி ஒன்றில் தமிழ், பகுதி மூன்றில் ஆங்கில இலக்கியம். ஒரே மாணவர், ஒரே பெஞ்சு. தமிழ் ஐயா வகுப்பில் குறுந்தொகையைத் தமிழில் படித்த பெண், இந்திய இலக்கிய மொழிபெயர்ப்புத் தாளில் அதே குறுந்தொகையை ஏ.கே. ராமானுஜனின் 1967-ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் சந்திக்க நேரலாம். பாமாவின் ‘கருக்கு’ லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கிலத்தில் வருவதும் அப்படித்தான். இரண்டு வகுப்புக்கும் நடுவில் ஒரு சுவர்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார் என்று சொல்ல ஆளில்லை.

வேர்ட்ஸ்வொர்த்தின் டாஃபடில் பூவை அம்பத்தூர்ப் பிள்ளை எங்கே பார்த்தது என்று கேட்கும் பழைய வாதத்தில் எனக்கு ஈடுபாடில்லை. குறிஞ்சிப் பூவை மட்டும் அம்பத்தூரில் எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள்? பார்க்காத பூவைப் படிக்கத்தானே இலக்கியம். தூரம் ஒரு தடையே இல்லை. நுழைவதற்கு வைத்திருக்கும் வாசல் குறுகலானது, அவ்வளவுதான்.

பூந்தமல்லிப் பக்கம் இன்னொரு வாசல் கதை இருக்கிறது. அங்கே பார்வைக் குறைபாடுள்ளோருக்கான அரசுப் பள்ளியும் பிரெய்ல் அச்சகமும் உள்ளன. ஆய்வகம் தேவைப்படும் அறிவியல் படிப்புகள் பார்வையற்றவர்களுக்கு நீண்ட காலம் மூடியே கிடந்ததால், அவர்களில் கணிசமானோர் தமிழ், வரலாறு, ஆங்கிலம் என்று போனார்கள். ஆங்கிலம் படித்துக் கல்லூரி ஆசிரியரானவர்கள் தமிழ்நாட்டில் பலர். தேர்வில் அவர்களுக்கு மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு. விடை எழுத ஸ்கிரைப் உண்டு. ஸ்கிரைபைத் தேர்வர் தாமே அழைத்துவந்தால், அவர் தேர்வரைவிட ஒரு படி குறைவாகப் படித்தவராக இருக்க வேண்டும் என்று 2018-ஆம் ஆண்டு விதி சொன்னது. எனவே, நாவலையே கேள்விப்படாத ஒரு ப்ளஸ் டூ மாணவரிடம் ‘ஒகோன்க்வோ’ என்ற பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டே காலனியம் பற்றிக் கட்டுரை சொல்ல வேண்டியிருந்தது.

இவர்கள் நிலையில் ஒரு விசித்திரம் உண்டு. என்.வி.டி.ஏ. என்ற இலவசத் திரைவாசிப்பு மென்பொருள் 2006-இல் தொடங்கியது. அது வெறும் எழுத்துக்கோப்பாக இருப்பதைத் தடையில்லாமல் படிக்கும். காப்புரிமை தீர்ந்த ஆங்கிலச் செவ்வியல் நூல்கள் குட்டன்பர்க் திட்டத்தில் அப்படியே கிடைக்கின்றன. ஜெராக்ஸ் கடைக் கைடின் ஸ்கேன் பிரதி அதற்குப் படமாகத்தான் தெரியும். ஆகப் பார்வை உள்ளவருக்குக் கைடு சுலபம், மூலநூல் கடினம். பார்வை இல்லாதவருக்கு மூலநூல் சுலபம், கைடு கடினம். தமிழ் மொழிபெயர்ப்புகள் மட்டும் அவருக்குக் கடினமான பக்கத்தில்தான் நிற்கின்றன, அச்சுப் புத்தகமாகவோ ஸ்கேன் செய்த படமாகவோ. திரைவாசிப்பான் படிக்கும் வடிவில் அவற்றை மாற்றுவது பெரிய செலவு பிடிக்கும் வேலை இல்லை. பதிப்பகம் மனது வைக்க வேண்டும், யாராவது கேட்க வேண்டும்.

எதிர்வாதம் என்னவென்று எனக்குத் தெரியும். தமிழைப் பாடத்துக்குள் விட்டால் பிள்ளைகள் ஆங்கிலம் எப்படிக் கற்பார்கள்? கேள்வி நியாயமானது. அப்பா கேட்டது ஆங்கிலம்தானே. ஆனால் இப்போதுள்ள முறையில் நடப்பது என்ன? நாவல் தமிழிலும் படிக்கப்படுவதில்லை, ஆங்கிலத்திலும் படிக்கப்படுவதில்லை. கதை தெரிந்த நாவலை ஆங்கிலத்தில் படிக்கும்போது, தெரியாத சொற்களைக் கதையே தாங்கிக்கொள்ளும். அகராதியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு வரியாக நடப்பவர் நாலாம் பக்கத்தில் நின்றுவிடுவார். இரண்டு பிரதிகளையும் ஒப்பிட்டு, மகாலிங்கம் இந்தப் பழமொழியை ஏன் இப்படி மாற்றினார் என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுத வைத்தால், கைடிலிருந்து எடுக்க வழியே இல்லாத ஆங்கில வாக்கியங்கள் அந்த மாணவரிடமிருந்து முதல்முறையாக வெளிவரும்.

இன்னொரு சிக்கல் இதைவிடக் கனமானது. ஆவடி தமிழர் மட்டும் வாழும் ஊரில்லை. ராணுவக் குடியிருப்புகள், விமானப்படை, சி.ஆர்.பி.எஃப். முகாம், தொழிற்சாலைக் குடியிருப்புகள். இந்தி, தெலுங்கு, மலையாளம், உருது பேசும் வீட்டுப் பிள்ளைகள் அதே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். தமிழ் மொழிபெயர்ப்பைக் கட்டாயமாக்கினால் அவர்களுக்கு இன்னொரு குறுகல் வாசல்தான் கிடைக்கும். எனவே விதி ‘தமிழில்’ என்று இருக்க வேண்டியதில்லை. ‘வீட்டுமொழியில் கிடைக்கும் மொழிபெயர்ப்பு’ என்றால் போதும். டால்ஸ்டாய் மலையாளத்திலும் தெலுங்கிலும் இருக்கிறார். திருத்துபவருக்கு அந்த மொழி தெரியாதே என்றால், வாதம் ஆங்கிலத்தில்தானே எழுதப்படுகிறது. எடுத்துக்காட்டு வரியை மாணவரே விளக்கிவிடலாம்.

படித்து முடித்த பிறகு என்ன ஆகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிலர் அம்பத்தூர் எஸ்டேட்டின் வாய்ஸ் ப்ராசஸ் வேலைக்குப் போகிறார்கள். சிலர் இரண்டு ஆண்டு பி.எட். முடித்து டெட், டி.ஆர்.பி. என்று காத்திருக்கிறார்கள். பெரும் கூட்டம் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 எழுதுகிறது. அங்கேதான் வேடிக்கை. முன்பு பொது ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுக்கலாம். 2022 முதல் அது இல்லை. 100 வினா தமிழில், அதில் 40 விழுக்காடு எடுத்தால்தான் மற்றப் பகுதியையே திருத்துவார்கள். மூன்று ஆண்டு ஆங்கில இலக்கியம் படித்தவர் ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை விரித்துவைத்து, எட்டுத்தொகை நூல்களின் பெயரை மனப்பாடம் செய்கிறார். கல்லூரியில் மதிப்பெண் இல்லாமல் வெளியே நின்ற தமிழ், தகுதித்தேர்வாகக் குறுக்கே வந்து நிற்கிறது.

பாடத்திட்டக் குழு கூடி எல்லாவற்றையும் மாற்றும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. 25 மதிப்பெண் இன்டர்னல் கல்லூரியின் கையில்தான் இருக்கிறது. கடைசி செமஸ்டர் புராஜெக்ட் பல கல்லூரிகளில் உண்டு. ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் பைண்டிங் போட்டு, போன வருடத்து சீனியருடையதன் தலைப்பை மட்டும் மாற்றிச் சமர்ப்பிக்கப்படும் புராஜெக்ட் எத்தனை என்பது வழிகாட்டும் ஆசிரியர்களுக்குத் தெரியும். அதற்குப் பதில் ஒரு நாவல், அதன் இரண்டு மொழிப் பிரதிகள், ஓர் அத்தியாயம், இருபது பக்கம் என்று கேட்கலாம். அதே கல்லூரியின் தமிழ்த்துறையிலிருந்து ஒருவரை வாய்மொழித் தேர்வுக்கு அழைக்கலாம். அவர் பக்கத்து அறையில்தான் இருக்கிறார்.